கேசினோ வருகிறது என்று வீட்டுக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், போடலாமா?

கேள்வி: வர்ஜீனியாவில், டைசன்ஸுக்கு அடுத்த பிம்மிட் ஹில்ஸில் சொந்த வீட்டில் இருக்கிறோம். டைசன்ஸில் கேசினோ வரப்போகிறது என்று ஒரு ஏஜென்ட் இரண்டு முறை வீடு தேடி வந்துவிட்டார். "கேசினோக்காரர்கள் இந்தப் பக்கமெல்லாம் வாங்குவார்கள், இப்போதே ஆப்ஷன் போட்டால் விலை உறுதி, விட்டால் பாதி விலைக்கும் போகாது" என்கிறார். மெட்ரோ வாசலில் ஒருவர் கேசினோவுக்கு ஆதரவாகக் கையெழுத்து வாங்குகிறார். நான் கிரீன் கார்டு, மனைவி குடியுரிமை பெற்றவர். எங்கள் முகவரியில் ஃபால்ஸ் சர்ச் என்று இருப்பதால், வாக்கெடுப்பு வந்தாலும் எங்களுக்கு ஓட்டு இல்லை என்கிறார் அதே ஏஜென்ட். எது உண்மை? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் அந்த ஆப்ஷன் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

டைசன்ஸ் இருக்கும் இந்த ஃபேர்ஃபேக்ஸ் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) நில வகை மாற்ற வழக்குகளோடு இருபது வருடத்துக்கு மேல் மல்லுக்கட்டியவன் நான். ஒரு பெரிய திட்டத்தின் பெயர் செய்தித்தாளில் வந்த மறுவாரமே தாளைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் ஆட்களை மெட்ரோ வந்தபோதும் பார்த்தேன், இப்போதும் பார்க்கிறேன். திட்டத்துக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. சம்பந்தம் இருப்பதுபோல் காட்டிக்கொள்வதுதான் தொழில்.

உங்கள் வீட்டை கேசினோக்காரர்கள் வாங்குவார்களா என்று பார்ப்போம். வர்ஜீனியாவில் காசு இருக்கிறது என்பதற்காக யாரும் எங்கேயும் கேசினோ கட்டிவிட முடியாது. எந்த ஊரில் கட்டலாம் என்று மாநிலச் சட்டமன்றம் பெயர் சொல்ல வேண்டும். 2020 சட்டம் ஐந்து நகரங்களைச் சொன்னது: பிரிஸ்டல், டேன்வில், நார்ஃபோக், போர்ட்ஸ்மத், ரிச்மண்ட். அதில் ஃபேர்ஃபேக்ஸ் கவுண்டி இல்லை. அதைச் சேர்க்கத்தான் மசோதா வந்தபடி இருக்கிறது. 2025 பிப்ரவரியில் வந்தது செனட்டில் 24-16 என்று நிறைவேறி, பிரதிநிதிகள் அவையின் குழுக் கட்டத்தில் படுத்துவிட்டது. இந்த மாதிரி மசோதாக்கள் படுத்தால் எழுந்திருக்காது என்று நினைக்காதீர்கள். பெயரும் எண்ணும் மாறித் திரும்பி வரும்.

அந்த 2025 வாசகம் இடத்தை எப்படிச் சொன்னது தெரியுமா? சில்வர் லைன் மெட்ரோ நிலையத்திலிருந்து கால் மைலுக்குள் இருக்க வேண்டும். 15 லட்சம் சதுர அடிக்குக் குறையாத கலப்புக் குடியிருப்பு-வணிகத் திட்டத்தின் பகுதியாக இருக்க வேண்டும். 15 லட்சம் சதுர அடிக்குக் குறையாத மூடிய மால் ஒன்றிலிருந்து இரண்டு மைலுக்குள் இருக்க வேண்டும். வாஷிங்டனைச் சுற்றி ஓடும் 495 பெல்ட்வே நெடுஞ்சாலைக்கு வெளியே இருக்க வேண்டும். மாப்பிள்ளையின் உயரம், உத்தியோகம், இடது கன்னத்து மச்சம் வரை எழுதிவிட்டு "வரன் தேவை" என்று விளம்பரம் கொடுப்பது மாதிரி. ஊர் பேச வேண்டிய "எங்கே கட்டலாம்" என்ற கேள்விக்கு, ஊர் வாயைத் திறப்பதற்கு முன்பே மாநிலத் தலைநகர் ரிச்மண்டில் பதில் எழுதியாகிவிடுகிறது. எனக்கு இதில்தான் எரிச்சல்.

உங்களுக்கு இதில் ஒரு நல்ல சேதி உண்டு. பிம்மிட் ஹில்ஸ் பெல்ட்வேக்கு உள்ளே இருக்கிறது. தனி வீடுகள் நிறைந்த தெரு. அந்த வாசகத்தின்படி உங்கள் வீட்டு மனையில் ஒரு சீட்டுக்கட்டு மேசைகூடப் போட முடியாது. அடுத்து வரும் மசோதாவில் எல்லை மாறலாம். வந்தால் இதே நாலு நிபந்தனை இருக்கும் பத்தியை மட்டும் தேடிப் படியுங்கள், ஒரு பக்கம்கூட வராது. ஏஜென்ட் அதைப் படித்திருக்க மாட்டார். படித்திருந்தால் உங்கள் வீட்டுக்கு வந்திருக்க மாட்டார்.

அப்புறம் ஏன் ஆப்ஷன் கேட்கிறார்? ஆப்ஷன் என்பது ஒரு பக்கம் மட்டும் இறுகும் முடிச்சு. அவர் ஒரு சின்னத் தொகை தருவார். பதிலுக்கு, இன்ன காலத்துக்குள் இன்ன விலைக்கு உங்கள் வீட்டை வாங்கும் உரிமை அவருக்கு. வாங்கியே தீர வேண்டும் என்ற கடமை அவருக்கு இல்லை. விற்கமாட்டேன் என்று சொல்லும் வழி உங்களுக்கு இல்லை. விலை ஏறினால் பழைய விலைக்கு எடுத்துக்கொள்வார். இறங்கினால் போய்விடுவார். "விலை உறுதி" என்றாரே, அது அவருக்குத்தான் உறுதி.

தாளில் இரண்டு இடத்தைப் பாருங்கள். வாங்குபவர் பெயருக்குப் பக்கத்தில் "அல்லது அவரால் நியமிக்கப்படுபவர்" என்று இருக்கும். அப்படியென்றால் உங்கள் வீட்டை அவர் வாங்கப்போவதே இல்லை, தாளை இன்னொருவருக்கு விற்கப்போகிறார். கடைசிப் பக்கத்தில் "நினைவுக்குறிப்பைப் பதிவு செய்யலாம்" என்று ஒரு வரி இருக்கும். அதை கவுண்டி நிலப் பதிவேட்டில் ஏற்றிவிட்டால், நீங்கள் கடனை மறுநிதி செய்யப் போனாலும் வேறு ஆளுக்கு விற்கப் போனாலும் அந்தக் குறிப்பு முன்னால் வந்து நிற்கும். என்னிடம் வந்த ஒரு குடும்பம் வட்டி குறைந்த நேரத்தில் கடனை மாற்றப் போனது. பதிவேட்டில் பழைய ஆப்ஷன் ஒன்று கிடந்தது. காலாவதியானது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நீட்டிப்பு விதி ஒன்று உள்ளே இருந்திருக்கிறது. தாளைக் கொடுத்தவரின் தொலைபேசி எண் அதற்குள் வேலை செய்யவில்லை. வக்கீல் வைத்து அதை அழிப்பதற்குள் வட்டி மறுபடி ஏறிவிட்டது. அவர்கள் வாங்கிய முன்பணம் வக்கீல் கட்டணத்துக்கே காணவில்லை.

விலை பாதியாகிவிடும் என்கிறாரே என்றால், அதையும் அவர் அறியமாட்டார், நானும் சொல்லமாட்டேன். கேசினோவுக்குக் கால் மைலில் இருக்கும் வீடும் இரண்டு மைலில் இருக்கும் வீடும் ஒன்றல்ல. விற்க வேண்டிய காரணம் உங்கள் வீட்டுக்குள் இருந்தால் விற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்து மெட்ரோ வாசல் கிளிப்போர்டு. வர்ஜீனியா கேசினோ வாக்கெடுப்புக்குப் பொதுமக்கள் கையெழுத்தே தேவையில்லை. உள்ளாட்சி அமைப்பு தீர்மானம் போட்டு நீதிமன்றத்தை அணுகும். நீதிமன்றம் வாக்கெடுப்புக்கு உத்தரவிடும். ஆக, அவர் வாங்கும் கையெழுத்து ஒரு கோப்பில் சேர்ந்து, "இத்தனை ஆயிரம் பேர் ஆதரவு" என்று ஒரு சட்டமன்ற உறுப்பினரின் மேசைக்குப் போகும், அவ்வளவுதான். ஆதரவு இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் நடையைக் கட்டுங்கள்.

ஆனால் நீங்கள் கிரீன் கார்டு என்பதால் இதைச் சற்று உரக்கச் சொல்கிறேன். அதே மேசையில் வாக்காளர் பதிவுப் படிவமும் வைத்திருப்பார்கள். "இதையும் நிரப்பிவிடுங்கள் சார்" என்று நீட்டுவார்கள். நிரப்பாதீர்கள். அதில் முதலில் வருவதே நீங்கள் அமெரிக்கக் குடிமகனா என்ற கட்டம். தெரியாமல் டிக் அடித்தேன் என்பதை குடியேற்றத் துறை லேசில் கேட்காது. குடியுரிமை விண்ணப்பம் கெடுவதிலிருந்து நாட்டை விட்டு அனுப்புவது வரை போகும். டிஎம்வியில் ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கும்போதும் இதே கேள்வி வரும். பின்னால் வரிசை நிற்கிறதே என்று அவசரமாகத் தட்டாதீர்கள். கையெழுத்து வாங்குபவருக்கு உங்கள் நிலை பற்றி அக்கறை கிடையாது. பல இடங்களில் அவர்கள் சம்பளத்துக்கு நிற்பவர்கள்.

இப்போது ஃபால்ஸ் சர்ச். இதில் நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு விஷயத்தில் படித்தவர்களே தடுக்கி விழுகிறார்கள்.

வர்ஜீனியாவில் 38 தனி நகரங்கள் உண்டு. இவை எந்தக் கவுண்டிக்குள்ளும் சேராதவை. ஃபால்ஸ் சர்ச் நகரம் அப்படி ஒன்று. இரண்டு சதுர மைல் பரப்பில் முடிந்துவிடும். ஆனால் தபால் துறை அந்தப் பெயரை அதைவிடப் பெரிய பரப்புக்குக் கொடுத்திருக்கிறது. கடிதம் எங்கிருந்து பட்டுவாடா ஆகிறது என்பதுதான் அவர்கள் கணக்கு, யார் ஆளுகிறார்கள் என்பதல்ல. உங்கள் 22043 அஞ்சல் எண் முகவரி ஃபால்ஸ் சர்ச் என்று சொன்னாலும் வீடு இருப்பது ஃபேர்ஃபேக்ஸ் கவுண்டியில். உங்கள் பகுதிப் பிள்ளைகள் போகும் மார்ஷல் உயர்நிலைப் பள்ளியின் முகவரியும் ஃபால்ஸ் சர்ச்தான்; நடத்துவது கவுண்டி. சந்தேகம் இருந்தால் வீட்டு வரி ரசீதை எடுங்கள். மேலே ஃபேர்ஃபேக்ஸ் கவுண்டி என்று இருந்தால் உங்கள் மனைவிக்கு ஓட்டு உண்டு. ஃபால்ஸ் சர்ச் நகரம் என்று இருந்தால் இல்லை.

இதே குழப்பம் அக்கம்பக்கத்திலும் உண்டு. வியன்னா, ஹெர்ண்டன் இரண்டும் டவுன்கள், கவுண்டிக்குள் அடக்கம், அங்கே இருப்பவர்கள் கவுண்டி வாக்கெடுப்பில் ஓட்டுப் போடுவார்கள். ஃபேர்ஃபேக்ஸ் நகரம் பெயரிலேயே ஃபேர்ஃபேக்ஸ் வைத்திருந்தாலும் தனி நகரம், அவர்களுக்குக் கிடையாது. டைசன்ஸ் நகரமும் இல்லை, டவுனும் இல்லை, வெறும் இடப்பெயர். அதற்கென்று மேயரோ மன்றமோ இல்லாததால் "டைசன்ஸ் மக்கள் முடிவு செய்யட்டும்" என்று பேசுவதற்குச் சட்டத்தில் ஆளே இல்லை. முடிவில் என்ன ஆகிறது? கவுண்டி முழுக்க, 11 லட்சத்துக்கு மேல் மக்கள் இருக்கும் பரப்பு முழுக்க, ஒரே வாக்கெடுப்பு. தெற்கே லோர்ட்டனில் இருப்பவர் ஓட்டுப் போடுவார். டைசன்ஸிலிருந்து சில மைலில் ஃபால்ஸ் சர்ச் நகரத்தில் இருப்பவர், வெள்ளிக்கிழமை இரவு அந்த நெரிசலில் மாட்டப்போகிறவர், போட முடியாது.

ஓட்டுக்கு மதிப்பு இல்லை என்று சொல்ல வரவில்லை. ரிச்மண்ட் 2021இல் நூலிழையில் வேண்டாம் என்றது. விடவில்லை, 2023இல் மறுபடி கேட்டார்கள். பத்தில் ஆறு பேருக்கு மேல் வேண்டாம் என்றார்கள். பிறகு சட்டமன்றம் அந்தக் கேசினோ வாய்ப்பைப் பீட்டர்ஸ்பர்க் நகரத்துக்குத் தூக்கிக் கொடுத்தது; 2024 நவம்பரில் அங்கே பத்தில் எட்டுப் பேர் வேண்டும் என்றார்கள். இரண்டு ஊரும் தனக்கு எது வேண்டும் என்று சொல்ல முடிந்தது. ஆனால் வாக்குச்சீட்டில் இருப்பது ஆம், இல்லை என்ற இரண்டே கட்டம். எத்தனை மாடி, எத்தனை வாகனம், எந்தச் சாலை என்று எதுவும் அதில் கேட்கமாட்டார்கள்.

அதைக் கேட்கும் இடம் ரீசோனிங், அதாவது நில வகை மாற்ற விசாரணை. அங்கே பேசக் குடியுரிமை தேவையில்லை, நீங்களே போகலாம். மூன்று நிமிடம் தருவார்கள். நீங்கள் ஏழு மணிக்குப் போய் உட்கார்ந்தால், கம்பெனி வக்கீல் படம் போட்டுக் காட்டி முடித்து உங்கள் பெயர் வரும்போது பத்தரை ஆகலாம். மறுநாள் வேலைக்குப் போகிறவன் எழுந்து போய்விடுவான். "எதிர்ப்பு அதிகமில்லை" என்று பதிவாகும். இப்படித்தான் இது ஓடுகிறது. அதனால் எழுத்திலும் கொடுங்கள்.

மூன்று நிமிடத்தில் சூது பாவம் என்று பேசி வீணாக்காதீர்கள். போக்குவரத்து ஆய்வின் அட்டவணையைக் கையில் எடுத்துப் போங்கள். முதல் நெடுவரிசையில் வார நாள் காலை உச்சம், இரண்டாவதில் வார நாள் மாலை உச்சம். அலுவலகத்துக்கு அது சரி. கேசினோவுக்குக் கூட்டம் வெள்ளி, சனி இரவில். அந்த நெடுவரிசை இருக்கிறதா என்று கேளுங்கள். கேசினோ இருபத்து நாலு மணி நேரமும் திறந்திருக்கும், மெட்ரோ அப்படி ஓடாது. விடியற்காலை மூன்று மணிக்கு வெளியே வருபவர் எப்படிப் போவார் என்று கேளுங்கள்.

பிறகு பிராஃபர். நில வகையை மாற்றிக் கொடுத்தால் நாங்கள் இதையெல்லாம் செய்கிறோம் என்று கம்பெனி எழுதித் தரும் வாக்குறுதி. "திருப்பப் பாதை அமைக்க நியாயமான முயற்சி எடுக்கும்" என்று இருந்தால் அது காற்று. "முதல் பயன்பாட்டு அனுமதிக்கு முன் கட்டி முடிக்கும்" என்று இருந்தால் பல் உள்ள வாக்குறுதி. இன்னொரு ஓட்டை: பிரிஸ்டலில் 2022 ஜூலையிலேயே தற்காலிகக் கேசினோ திறந்துவிட்டார்கள், நிரந்தரக் கட்டிடம் 2024 நவம்பரில்தான் வந்தது. டேன்விலிலும் அப்படியே. வாக்குறுதி நிரந்தரக் கட்டிடத்தோடு மட்டும் கட்டப்பட்டிருந்தால், நடுவில் வருகிற வருடங்களில் கூட்டம் வரும், சாலை வராது. "தற்காலிகக் கட்டிடத்துக்கும் இது பொருந்தும்" என்ற ஒரே ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

பள்ளிக்கூடத்துக்குப் பணம் கொட்டும் என்று பேசினால் கணக்குக் கேளுங்கள். இப்போதுள்ள சட்டத்தில் முதல் 20 கோடி டாலர் வருமானத்துக்கு வரி 18 சதவீதம். அதில் ஊருக்குத் திரும்புவது 6. மிச்சத்தில் பெரும்பங்கு மாநில நிதிக்குப் போகிறது.

வீட்டு வரி ரசீதை இன்றே தேடி எடுத்து வையுங்கள். ஏஜென்ட் மறுபடி வந்தால் கோபப்பட வேண்டாம். வக்கீலிடம் காட்ட வேண்டும், தாளின் நகல் ஒன்று கொடுங்கள் என்று கேளுங்கள். காரில் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்பார். வரமாட்டார்.