அல்கோடூவில் ஒருவர் செய்த காட்சியில் பிழை தெரிந்தால், அதை எப்படி நயமாகச் சொல்வது?

பொருள்களை வரைந்து அவை எப்படி நகர்கின்றன என்று ஓட்டிப் பார்க்கும் அல்கோடூ என்ற கணினி மென்பொருளில் பிறர் செய்து பகிரும் இயற்பியல் காட்சிகளையும் சிறு விளையாட்டுகளையும் பார்க்கும்போது பிழைகள் கண்ணில் படுவதாகவும், சொன்னால் செய்தவர் மனம் வாடிவிடுமோ என்ற தயக்கத்தில் ‘அருமை’ என்று மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவதாகவும் கேள்வியில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். எனக்கும் ஒரு காலத்தில் இதே தயக்கம் இருந்தது. நயமாக எழுதுவது எப்படி என்றுதான் அப்போது யோசித்துக்கொண்டிருந்தேனே தவிர, நான் பிழை என்று நினைப்பது உண்மையில் பிழைதானா என்று சரிபார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளி மாணவர் கோலிப் பந்தயம் ஒன்றைச் செய்திருந்தார். நீண்ட சரிவு ஒன்றில் ஒரே அளவுள்ள ஐந்து கோலிகள், ஒன்றையொன்று இடிக்காதபடி தனித்தனி மோதல் அடுக்குகளில் வைக்கப்பட்டிருந்தன. கறுப்புக் கோலிக்கு மட்டும் அடர்த்தி பல மடங்கு அதிகம். ஒவ்வொரு முறையும் அதுவே முதலில் வந்தது. நான் உடனே, வழுக்காமல் உருளும் வட்டின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தையும் சரிவின் கோணத்தையும் மட்டுமே சார்ந்தது, நிறையைச் சார்ந்ததன்று, ஆகவே உங்கள் காட்சி தவறு என்று, பாராட்டுச் சொற்களால் பொதிந்து ஒரு நீண்ட கருத்து எழுதினேன். அவர் ஒரே வரியில் பதில் சொன்னார்: “காற்றை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள் அண்ணா.” அணைத்தேன்; ஐந்தும் ஒன்றாக வந்து சேர்ந்தன. ஒரே அளவும் வேகமும் உள்ள கோலிகளுக்குக் காற்றுத் தடையின் விசை ஒன்றேதான். ஆனால் இலேசான கோலியை அது அதிகமாகப் பின்னிழுக்கும். அதைக் காட்டவே அவர் அந்தக் காட்சியைச் செய்திருந்தார். நான் பாடப்புத்தகச் சமன்பாட்டை ஒப்பித்துவிட்டுப் போயிருக்கிறேன்.

அன்றிலிருந்து, கருத்து எழுதுமுன் காட்சியைக் குறைந்தது மூன்று முறையாவது ஓட்டி, சந்தேகப்படும் பண்பு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்துவிட்டே எழுதுகிறேன். உராய்வு, அடர்த்தி, காற்று என எதையும் இரண்டு சொடுக்குகளில் மாற்றிப் பார்த்துவிடலாம் என்பதால் இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. இந்த மென்பொருளே ஸ்வீடனின் உமியோ பல்கலைக்கழகத்தில் எமில் எர்னர்ஃபெல்ட் என்ற மாணவர் முதுகலைப் படிப்புக்காகச் செய்து 2008இல் ‘ஃபன்’ என்ற பெயரில் வெளியிட்ட திட்டத்திலிருந்து வளர்ந்ததுதான். தொட்டு, இழுத்து, மாற்றிப் பார்க்கவே அது செய்யப்பட்டிருக்கிறது. கருத்துச் சொல்பவர் மட்டும் கைகட்டி நின்று பார்ப்பானேன்?

அப்படிச் சோதிக்கும்போது தெரியும் இன்னொரு செய்தி, சில குறைகள் செய்தவருடையவையே அல்ல என்பது. பீரங்கிக் குண்டு சுவரைத் துளைக்காமலேயே மறுபுறம் போய்விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பொருள் எங்கே இருக்கிறது, எதனுடன் மோதுகிறது என்ற கணிப்பு நொடிக்கு 60 முறை நடக்கிறது. குண்டு நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் போனால், ஒரு கணிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் அது ஒரு மீட்டர் தாண்டிவிடும். சுவரின் தடிமன் 20 சென்டிமீட்டர் என்றால், ஒரு கணத்தில் சுவருக்கு இப்புறமும் அடுத்த கணத்தில் அப்புறமுமாக இருக்கும் குண்டு சுவரில் மோதியதாகக் கணினிக்குத் தெரியவே தெரியாது. இங்கே ‘உங்கள் சுவர் வேலை செய்யவில்லை’ என்று எழுதினால் செய்தவர் எங்கே போய்த் தேடுவார்? ‘சுவரை ஒரு மீட்டருக்கு மேல் தடிமனாக்கியபோது என்னிடம் குண்டு நின்றது, கணிப்பு எண்ணிக்கையை 240 ஆக உயர்த்தினாலும் தாண்டும் தூரம் 25 சென்டிமீட்டராகக் குறையும், ஆனால் பழைய கணினிகள் திணறும்’ என்று எழுதினால் அவர் அன்றே திருத்திவிடுவார். வரிசையாகத் தொங்கும் பந்துகளில் ஓரத்துப் பந்தை இழுத்துவிட்டால் மறு ஓரத்துப் பந்து மட்டும் எழும்ப வேண்டிய நியூட்டன் தொட்டிலும் இப்படித்தான் பலரை அழவைக்கிறது. பந்துகள் ஒட்டிக்கொண்டிருந்தால் எல்லா மோதல்களும் ஒரே நேரத்தில் தீர்க்கப்பட்டு மொத்தமாக ஆடத் தொடங்கிவிடும். மயிரிழை இடைவெளி விட்டால் மோதல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்து சரியாகிவிடும்.

விளையாட்டுகளுக்கு அளவுகோல் வேறு. புவியீர்ப்பைப் பாதியாகக் குறைத்திருப்பதும், குதித்த பாத்திரம் ஏறியதைவிட வேகமாக இறங்குவதும் இயற்பியல் தேர்வில் தவறு. விளையாட்டில் அவை பெரும்பாலும் செய்தவர் வேண்டுமென்றே எடுத்த முடிவுகள். அதனால் அவற்றைத் திருத்தச் சொல்லாமல், ஏன் அப்படி வைத்தீர்கள் என்று கேட்டுவிடுகிறேன். செய்தவருக்குத் தன் விளையாட்டு நூறு முறை ஆடிப் பழகிப்போனது; முதன்முறை ஆடுபவர் எங்கே தடுமாறுவார் என்பது அவருக்குத் தெரிய வழியே இல்லை. ‘மூன்றாம் மேடையில் ஏழு முறை விழுந்தேன், அதில் ஆறு முறை இடப்பக்கச் சுருள்வில்லுக்கு அருகிலேயே விழுந்தேன்’ என்ற ஒரு வாக்கியம் நான்கு பத்தி ஆலோசனையைவிட அவருக்குப் பயன்படும். ‘கடினமாக இருக்கிறது’ என்று மட்டும் எழுதுவதும் ‘அருமை’ என்று மட்டும் எழுதுவதும் என்னைப் பொறுத்தவரை ஒன்றுதான்.

பாராட்டையும் இதே போலக் குறிப்பாகச் சொல்லுங்கள்: எந்தக் கீல், எந்தக் கணம் உங்களை நிமிர்ந்து உட்காரவைத்தது என்று. காட்சியைத் திருத்தி மறுபடியும் அனுப்ப நினைத்தால் முதலில் அவரிடம் கேட்டுவிடுங்கள். கேட்காமல் திருத்தி அனுப்பியபோது கசப்பு ஏற்பட்டதை ஓரிரு முறை பார்த்திருக்கிறேன். தண்ணீர் நிறைய ஊற்றிய காட்சி என்றால் உங்கள் கணினி என்ன வகை என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள். என் பழைய மடிக்கணினியில் நத்தையாக ஊர்ந்த ஓர் அணைக்கட்டுக் காட்சியை, அணை உடைவது மிக மெதுவாக இருக்கிறது என்று நான் குறை சொல்லப் போனேன். நண்பர் ஒருவரின் கணினியில் அதே அணை இரண்டு நொடியில் உடைந்து திரை முழுவதும் வெள்ளமாகிவிட்டது.