புதுச் சைலன்சர் போட்டும் ஏன் இடிக்கிறது?

கேள்வி: என் பெட்ரோல் காருக்கு ஒன்பது வயது. வால்பாறை போய் வந்த பிறகு அடியில் உறுமல் கேட்டது. பட்டறையில் பின் சைலன்சரை மாற்றினார்கள். உறுமல் நின்றது, ஆனால் வேகத்தடை ஏறும்போதெல்லாம் ‘டொக் டொக்’ என்று இடிக்கிறது. எஞ்சினிலிருந்து பின்குழாய் வரை புகை போகும் முழு லைனையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: வேண்டாம், இப்போதைக்குப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். பழைய சைலன்சரோடு இடிக்காத லைன் புதியதை மாட்டியதும் இடிக்கிறது என்றால், முதலில் மாட்டிய விதத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். சைலன்சர் லைன் ரப்பர் வளையங்களில் தொங்குவது. எஞ்சின் ஆடும், குழாய் சூட்டில் நீளும். இரண்டுக்கும் இடம் விட்டாக வேண்டும். கைக்கு எட்டிய போல்ட்டை முதலில் முறுக்கிவிட்டால் கோணல் அப்படியே நின்றுவிடும்.

அதே பட்டறைக்குப் போங்கள். வண்டியை லிப்டில் ஏற்றி, இணைப்புகளைத் தளர்த்தச் சொல்லுங்கள். எல்லா ரப்பரிலும் லைனைத் தொங்கவிட்டு, அடித்தட்டு, பெட்ரோல் டேங்க், பின் அச்சு எதிலும் படாதபடி குழாயைத் திருப்பி வைத்த பிறகே, எஞ்சின் பக்கமிருந்து பின்னோக்கி முறுக்கிக்கொண்டு வர வேண்டும். ஒன்பது வருட ரப்பர் தொய்ந்திருக்கும். அதையும், பிரித்த இடத்து கேஸ்கெட்டையும் (இணைப்பில் புகை கசியாமல் அடைக்கும் தகடு) புதிதாகப் போடுங்கள். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். வெல்டிங் வைப்பதானால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு வைக்க வேண்டும்.

வேலை முடிந்ததும், குளிர்ந்த எஞ்சினைத் திறந்த வெளியில் ஓடவிட்டு, பின்குழாயைத் தடித்த துணியால் ஒரு கணம் அடைத்துப் பாருங்கள். இணைப்பில் ‘உஸ்’ என்று கேட்டால் கசிவு இருக்கிறது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குழந்தைகளோடு போகிற வண்டி. கசிவோடு எடுத்து வராதீர்கள்.

முழு லைன் என்றால், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் அதில் சேர்ந்ததா என்று கேளுங்கள். அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருப்பதால் பழையதற்கும் நல்ல விலை உண்டு. உண்மையிலேயே பழுதானால் மட்டும் மாற்றுங்கள். பழையதைக் கேட்டு வாங்குங்கள், அல்லது அதன் மதிப்பை பில்லில் கழிக்கச் சொல்லுங்கள். அது இல்லாத வெறும் குழாயை மலிவாகப் போட்டுத் தருவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். புகைப் பரிசோதனையில் வண்டி மாட்டிக்கொள்ளும். ஊர்க் காற்றும் கெடும்.

கோணலைச் சரிசெய்ய மறுபடி கூலி கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி அது சேவைக் குறைபாடு. பில்லின் நகலோடு எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள்.