அமெரிக்கக் கறுப்பின மக்களின் மீன், நண்டு, சிப்பித் தொழில் மரபை யாராவது காப்பாற்றுகிறார்களா?

காப்பாற்றுகிறார்கள், ஆனால் பாதிதான். கொட்டகைகள் நிற்கின்றன, கைவேலைதான் போய்விட்டது.

நான் நேரில் பார்த்தது ஜார்ஜியாவில் சவானா நகரத்தை ஒட்டியிருக்கும் பின் பாயின்ட். அடிமை வாழ்விலிருந்து விடுபட்டு அருகிலிருந்த தீவுகளில் வசித்தவர்கள் 1890களில் கரைக்கு வந்து உருவாக்கிய சின்ன ஊர். இங்கே 1926-ல் தொடங்கிய வார்ன் சிப்பி, நண்டுத் தொழிற்சாலை 1985-ல் மூடப்பட்டது. 2011-லிருந்து அதே இடம் அருங்காட்சியகம். ஆண்கள் படகில் போய்ச் சிப்பியும் நண்டும் கொண்டுவர, பெண்கள் உட்கார்ந்து நண்டை உரித்துச் சதை எடுப்பார்கள். எத்தனை பவுண்டு சதையோ அதற்குத்தான் கூலி. ஒரே ஒரு நண்டை உரித்துச் சாப்பிடவே எனக்கு அரை மணி நேரம் ஆகும், அதிலும் பாதி சதை ஓட்டிலேயே போய்விடும்! அந்த மேசைகளின் முன்னால் நின்றபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

மேரிலாந்தில் கூலிக்காரர்கள் மட்டுமல்ல, முதலாளிகளும் இருந்தார்கள். செயின்ட் மைக்கேல்ஸ் ஊரில் 1902-ல் கூல்பர்ன், ஜூவெட் என்ற இரண்டு கறுப்பின வியாபாரிகள் கூட்டாகக் கடலுணவு நிறுவனம் தொடங்கினார்கள். நண்டுச் சதையை லம்ப் (பெரிய துண்டு), பேக்ஃபின் (உடம்புச் சதையின் சிறு துண்டுகள்), கிளா (கொடுக்குச் சதை) என்று தரம் பிரித்து விற்கும் முறையை வகுத்தவர் ஃபிரெடரிக் ஜூவெட் என்று சொல்கிறார்கள். இன்றும் டப்பாக்களில் அந்தச் சொற்கள் இருக்கின்றன. வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? நிறுவனம் இருந்த இடத்தில் இப்போது செசபீக் விரிகுடா கடல்சார் அருங்காட்சியகம் இருக்கிறது.

அப்புறம் பாட்டு. வட கரோலினா, வர்ஜீனியா கடற்கரைகளில் மென்ஹேடன் என்ற சிறு மீன் நிறைந்த வலையை முன்பெல்லாம் கையால்தான் தூக்க வேண்டும். பல பேர் ஒரே நேரத்தில் இழுத்தால்தான் வலை அசையும், அதற்காகத்தான் பாடினார்கள். 1950களில் வலை இழுக்கும் இயந்திரம் வந்தது, படகில் பாட்டு நின்றது. பல வருடம் கழித்து பியூஃபோர்ட் ஊரின் ஓய்வு பெற்ற மீனவர்கள் மறுபடி ஒன்றுகூடிப் பாடத் தொடங்கி, நியூயார்க்கின் புகழ்பெற்ற இசை அரங்கமான கார்னகி ஹால் மேடை வரை போனார்கள். அவர்கள் பாடிய பதிவு கிடைத்தால் கேளுங்கள். ஒவ்வொரு அடிக்கும் பிறகு சின்ன இடைவெளி வரும். வலையை இழுத்தது அந்த இடைவெளியில்தான்.