வெளிநாட்டுப் பள்ளிப் பயணம்: வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்டலாமா?

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். அமெரிக்காவுக்கு ஒன்பது நாள் 'நாசா கல்விப் பயணம்' என்று பள்ளியிலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது. அவன் 'தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பதாக' ஒரு கடிதமும் உண்டு. வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்ட வேண்டும், கட்டினால் எக்காரணம் கொண்டும் திரும்பக் கிடைக்காதாம். அவனுக்கு வீசிங் தொல்லை உண்டு, இன்ஹேலர் வைத்திருக்கிறான். மனைவி அனுப்பலாம் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: வீசிங் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அவனை நிறுத்த வேண்டாம். உங்கள் பயத்தில் பாதியை அந்தச் சுற்றறிக்கை பக்கம் திருப்புங்கள்.

முதலில் அந்த 'தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார்' கடிதம். புளோரிடாவில் நாசாவின் கென்னடி விண்வெளி மையத்தில் உள்ள பார்வையாளர் வளாகத்தை நாசாவுக்காக நடத்துவது ஒரு தனியார் நிறுவனம். டிக்கெட் வாங்கும் யாரும் உள்ளே போகலாம். ராக்கெட்டுகளும் அட்லாண்டிஸ் விண்கலமும் உண்மையிலேயே பார்க்க வேண்டியவை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதைப் பார்க்க யாரும் யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. வகுப்பில் எத்தனை பேருக்கு இந்தக் கடிதம் வந்தது என்று மகனிடம் கேட்டுப் பாருங்கள். எல்லோருக்கும் வந்திருந்தால் அது விளம்பரத் தாள்.

அடுத்து, பணத்தை யாரிடம் கட்டுகிறீர்கள்? இதுதான் முக்கியம். பல பள்ளிகளில் நடப்பது இதுதான்: டிராவல் ஏஜென்ட் வருகிறார், இத்தனை மாணவர் சேர்ந்தால் ஓர் ஆசிரியருக்கு இலவசம் என்கிறார், பள்ளி தன் லெட்டர்பேடில் சுற்றறிக்கை அனுப்புகிறது. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'எந்த அசம்பாவிதத்துக்கும் பள்ளி பொறுப்பல்ல' என்று ஒரு வரி. பெயர் பள்ளியுடையது, லாபம் ஏஜென்டுடையது, பொறுப்பு யாருடையதும் இல்லை. தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கேளுங்கள்: இந்தப் பயணத்தை நடத்துவது நீங்களா, ஏஜென்டா? 'நாங்கள் தகவல் மட்டும்தான் கொடுத்தோம்' என்று பதில் வந்தால், என் ஆலோசனை, அனுப்பாதீர்கள். பயணத்தைப் பள்ளியே நடத்துகிறது என்றால் பணமும் பள்ளிக் கணக்குக்குத்தான் போக வேண்டும், ரசீதும் பள்ளி பெயரில் இருக்க வேண்டும். ஓர் ஆசிரியரின் சொந்தக் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

'விசா நூறு சதவீதம் உறுதி' என்று யாராவது சொன்னால் அது பொய். கொடுப்பதும் மறுப்பதும் தூதரக அதிகாரியின் முடிவு. மறுத்தால் விசாக் கட்டணம் திரும்ப வராது. அதோடு உங்கள் முன்பணமும் போகுமா, எவ்வளவு பிடிப்பார்கள் என்பது எழுத்தில் வேண்டும். விசா வருமா என்றே தெரியாத நிலையில் முழு முன்பணமும் போகும் என்று ஒரு நிபந்தனை போடுவதும், அதைப் பள்ளியே விநியோகிப்பதும் எனக்கு இன்றுவரை புரியாத கூத்து. பாஸ்போர்ட்டையும் ஒரு முறை எடுத்துப் பாருங்கள், திரும்பி வரும் நாளுக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக இருப்பது நல்லது.

இப்போது வீசிங். மருத்துவரிடம் போய், கடந்த ஓராண்டில் அவன் மருத்துவமனையில் சேர்ந்தானா, ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட நேர்ந்ததா என்பதைச் சொல்லி, இந்தப் பயணம் சரிதானா என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் பேச்சு முடிந்தது. சரி என்றால், மூச்சுத் திணறல் வந்தால் படிப்படியாக என்ன செய்வது என்று ஒரே பக்கத்தில் எழுதி வாங்குங்கள். மருந்தின் பெயரையும் அதில் இருவிதமாக எழுதச் சொல்லுங்கள். சால்பியூட்டமால் என்று நாம் வாங்கும் இன்ஹேலருக்கு அமெரிக்காவில் ஆல்பியூட்டரால் என்று பெயர். பதற்றத்தில் நிற்கும் ஆசிரியருக்கு இது தெரிந்திருக்காது. இன்ஹேலர் இரண்டு வேண்டும். ஒன்று அவன் பையில், இன்னொன்று ஆசிரியரிடம். இரண்டும் விமானத்துக்குள் கையோடு போக வேண்டும், சரக்கில் போடும் பெட்டியில் வைக்கக் கூடாது.

காப்பீட்டில்தான் பெற்றோர் ஏமாறுகிறார்கள். 'காப்பீடு உண்டு' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். மொத்தக் குழுவுக்கும் ஒரு மலிவான பாலிசி எடுத்திருப்பார்கள், அதில் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு இழப்பீடு இல்லை என்று ஒரு விதி இருக்கும். உங்கள் மகனுக்கு அங்கே தொல்லை தரக்கூடியதும் அதுதான்! அமெரிக்காவில் ஓர் இரவு அவசர சிகிச்சைக்கு ஆகும் செலவு இந்தப் பயணக் கட்டணத்தையே தாண்டலாம். எனவே வீசிங்கை மறைக்காமல் அறிவியுங்கள், மகன் பெயர் போட்ட பாலிசிப் பிரதியைக் கேளுங்கள். 'சொன்னால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் சார், விட்டுவிடுங்கள்' என்று ஏஜென்ட் அறிவுரை சொல்வார். சிக்கல் வந்தால் பில் உங்களுக்குத்தான் வரும், அவருக்கு அல்ல.

நீச்சல் குளம், படகு, சாகச விளையாட்டு ஏதாவது நிகழ்ச்சி நிரலில் இருந்தால் அதை நடத்துவது யார் என்று கேளுங்கள். 1993-ல் இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் பள்ளிக் குழு ஒன்று கயாக் படகில் போனபோது நான்கு மாணவர்கள் இறந்தார்கள். ஏற்பாடு செய்த சாகச மையத்தை நடத்திய நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் சிறைக்குப் போனார், 1995-ல் இத்தகைய மையங்களின் பாதுகாப்புக்கென்றே ஒரு சட்டம் வந்தது. நான்கு உயிர் போன பிறகு.

பெற்றோர் இருவரும் கையெழுத்திட்டு நோட்டரி முத்திரை வாங்கிய ஒப்புதல் கடிதம் அவனிடம் இருக்கட்டும். உங்களுக்கு இது ஒரு மணி நேர வேலை. ஆனால் பிரிந்து வாழும் பெற்றோர் இதைப் படித்தால் கொஞ்சம் நில்லுங்கள். பெற்றோரில் ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் பிள்ளையை வேறு நாட்டுக்குக் கடத்திக்கொண்டு போவது உலகமெங்கும் இருக்கும் பிரச்சினை. இதற்காகவே 1980-ல் ஹேக் ஒப்பந்தம் வந்தது. எல்லையில் இருக்கும் அதிகாரி 'இன்னொருவர் எங்கே, சம்மதித்தாரா?' என்று கேட்க இதுதான் காரணம். பிள்ளை உங்கள் பொறுப்பில் மட்டும் என்றால் நீதிமன்ற உத்தரவின் பிரதி, துணைவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ், தாத்தா பாட்டி வளர்த்தால் பாதுகாவலர் ஆவணம். வழக்கு நடந்துகொண்டிருந்தால் முன்பணம் கட்டும் முன்பே வழக்கறிஞரிடம் பேசுங்கள். தென்னாப்பிரிக்கா 2015-ல் இந்தப் பெற்றோர் ஒப்புதல் விதியை மிகக் கடுமையாக்கிப் பிறகு தளர்த்தியது, அதாவது இவை அடிக்கடி மாறும். நோட்டரி என்பவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் முத்திரை குத்துவார், அது வேறு கதை. ஆனாலும் அந்த முத்திரை இல்லாமல் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

கடைசியில் பையனைப் பாருங்கள். மூச்சு வாங்கும்போது வெட்கப்படாமல் ஆசிரியரிடம் சொல்வானா, நண்பர்கள் சிரிப்பார்கள் என்று அடக்கிக்கொள்வானா? மற்ற தகுதிகளைவிட இதுதான் அவன் தயாரா என்பதைக் காட்டும். அடக்கிக்கொள்பவன் என்றால் இந்த வருடம் வேண்டாம். இரவில் எந்த ஆசிரியர் எந்த அறையில் இருப்பார், உங்கள் அழைப்பை யார் எடுப்பார் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்றே பள்ளிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். யார் நடத்துகிறார்கள், விசா மறுத்தால் பணம் என்னவாகும், பாலிசி பிரதி எங்கே: மூன்று கேள்வி போதும். வியாழக்கிழமைக்குள் எழுத்தில் பதில் வந்து, மருத்துவரும் சரி என்றால் முன்பணத்தைக் கட்டுங்கள். 'நேரில் வாருங்கள், பேசிக்கொள்ளலாம்' என்று பதில் வந்தால் வெள்ளிக்கிழமையைக் கடந்து போக விடுங்கள். ஏன் அனுப்பவில்லை என்பதை மகனிடம் நேராகச் சொல்லிவிடுங்கள், உன் வீசிங்கால்தான் என்று மட்டும் சொல்லாதீர்கள்.