தற்கொலைக் கதைகளில் முடிவெடுப்பது யார்? கேள்வி பதில்

கேள்வி: மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருளான செரட்டோனின் குறைந்தால் தற்கொலை எண்ணம் வருமென்கிறார்கள். அப்படியானால் என் கதாபாத்திரத்துக்குச் சுயவிருப்பம் ஏது?

பதில்: அந்தக் கணக்கை நம்பிக் கதை எழுதாதீர்கள். 1976இல் சுவீடனில் மரி ஆஸ்பெர்க் குழுவினர் மனச்சோர்வு நோயாளிகளின் தண்டுவட நீரைச் சோதித்தார்கள். செரட்டோனின் சிதைந்து உண்டாகும் பொருள் குறைவாக இருந்தவர்களிடம் தற்கொலை முயற்சி அதிகம் காணப்பட்டது. தொடர்பு உண்டு, தலைவிதி என்று சொல்ல அது போதாது. மனச்சோர்வுக்கே செரட்டோனின் குறைவுதான் காரணம் என்பதற்கு உறுதியான சான்றில்லை என்று 2022இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு சொன்னது.

கேள்வி: இதைச் சரியாக எழுதிய நாவல் ஒன்று சொல்லுங்கள்.

பதில்: டால்ஸ்டாயின் 'அன்னா கரீனினா'. நரம்பணு வேதியியல் என்ற துறையே இல்லாத காலம், 1878இல் நூலானது. தூக்கத்துக்கு மார்ஃபின் எடுத்துப் பழகியவள் அன்னா. கடைசி நாள் வண்டியில் போகும்போது கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகப் படிக்கிறாள். அழுக்கு ஐஸ்கிரீமுக்கு ஏங்கும் சிறுவர்களைப் பார்த்ததும், மனிதர் எல்லோரும் ஒருவரை ஒருவர் வெறுப்பவர்களே என்று தோன்றிவிடுகிறது. தனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாக நம்புகிறாள். உண்மையில் பார்வை சுருங்கிப்போயிருக்கிறது. உளவியலாளர் எட்வின் ஷ்னைட்மன் பிற்காலத்தில் விவரித்த மனக்குறுகல் இதுவே. விருப்பம் அவளுடையதுதான், ஆனால் வேறெந்த வழியும் கண்ணில் படவில்லை. கடைசிக் கணத்தில் 'என்ன செய்கிறேன், எதற்காக?' என்று திகைத்துப் பின்வாங்கப் பார்க்கிறாள். டால்ஸ்டாய் அந்தக் கணத்தை விட்டிருந்தால் நாவலை நான் மன்னித்திருக்க மாட்டேன்.

கேள்வி: இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது? என் கதையில் காவல் நிலையக் காட்சி வருகிறது.

பதில்: 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 115. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும். மாறாக நிரூபிக்கப்பட்டாலொழியத் தண்டனை கிடையாது என்றது அது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தவோ தடுக்கவோ முயன்றால் தவிர, தற்கொலை முயற்சி குற்றமே இல்லை.

கேள்வி: நாயகன் கடிதம் எழுதிவைத்து இறக்கிறான்; குடும்பமே மனம் திருந்துகிறது. எடுபடுமா?

பதில்: வேண்டாம். சாவு சாதித்துக் காட்டியதாக ஆகிவிடும், துயரத்தில் இருக்கும் வாசகரை அது அதே வழிக்குத் தூண்டக்கூடும். திருந்தியதைப் பார்க்க அவன் இல்லை என்பதையும் கதை மறைத்துவிடுகிறது. அவன் பிழைத்து மறுநாள் கண் விழிக்கட்டும். அந்த அத்தியாயத்தை எழுதுவதுதான் கடினம், அதனாலேயே பலர் எழுதுவதில்லை.

கேள்வி: எழுத எழுத எனக்கே அந்த எண்ணம் வருகிறது.

பதில்: எழுதுவதை இப்போதே நிறுத்துங்கள். வீட்டில் யாரையாவது பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். டெலி மானஸ், இந்திய அரசின் இலவச மனநலச் சேவை, 24 மணி நேரமும் தமிழிலும் பேசலாம். பேசி முடித்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், காத்திருக்கிறேன்.