சோடியம் தெருவிளக்குக்குப் புது ஒயர்: சோக்கைக் கழற்றலாமா?

கேள்வி: பாளையங்கோட்டை ஆக்கர் கடை (பழைய இரும்புக் கடை) ஒன்றில் 150 வாட் சோடியம் தெருவிளக்கைக் கூட்டோடு வாங்கினேன். பழைய விளக்குகள் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. உள்ளே இருக்கும் ஒயர் தொட்டாலே உதிர்கிறது. சோக்கைக் கழற்றிவிட்டு நேராக 230 வோல்ட் கொடுத்து முற்றத்தில் எரியவைக்கலாமா? – அம்பாசமுத்திரம் வாசகர்

பதில்: கூடவே கூடாது. சோடியம் பல்புக்குள் ஒருமுறை ஒளி பற்றிக்கொண்டால் அதன் தடை இறங்கும், மின்னோட்டம் ஏறும்; ஏற ஏறத் தடை இன்னும் இறங்கும். அதை ஏறத்தாழ 1.8 ஆம்பியரில் பிடித்து நிறுத்துவது சோக்தான். அது இல்லாவிட்டால் ஃபியூஸ் போகும், அல்லது பல்பு வெடிக்கும். சோக், பல்பைப் பற்றவைக்கும் இக்னிட்டர், பல்பு மூன்றும் ஒரே வாட்டுக்கு உரியவையாக இருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

முதலில் கூட்டைத் திறந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பழைய ஒயரைக் கழற்றினால், அதே இடத்தில் புதியதை மாட்டிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள். அதற்கும் முன்னால் கப்பாசிட்டரை 10 கிலோ ஓம் தடை ஒன்றின் வழியாக வடித்துவிடுங்கள். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதில் 325 வோல்ட் வரை தங்கியிருக்கக்கூடும். அது வீங்கியிருந்தாலோ எண்ணெய் கசிந்திருந்தாலோ புதியது வாங்குங்கள். பல்பு எரிய அது தேவையில்லை; லைனில் ஓடும் மின்னோட்டத்தைக் குறைப்பதே அதன் வேலை.

நீங்கள் முழுக் கவனத்தையும் வைக்க வேண்டியது இக்னிட்டரிலிருந்து ஹோல்டருக்குப் போகும் அந்தச் சாண் நீள ஒயரில். பல்பைப் பற்றவைக்க இக்னிட்டர் 4,000 வோல்ட்டையொட்டிய துடிப்புகளை அதன் வழியேதான் அனுப்புகிறது. வீட்டு வயரிங்குக்கு வாங்கும் பிவிசி ஒயர் 70 டிகிரிதான் தாங்கும். பல்பின் சூட்டில் சில மாதங்களில் அதுவும் உதிரத் தொடங்கிவிடும். கண்ணாடி நூல் உறை போட்ட சிலிக்கான் ஒயர் கேளுங்கள், 180 டிகிரி தாங்கும். துடிப்பு வரும் முனை ஹோல்டரின் நடுப்புள்ளிக்குப் போக வேண்டும், நியூட்ரல் மரைப் பகுதிக்கு. மாற்றிக் கொடுத்தால், பல்பு மாட்டும்போது கை படக்கூடிய இடத்தில் உயர் அழுத்தம் வந்து நிற்கும். எந்த முனை எங்கே என்பது இக்னிட்டரின் மேலேயே வரைந்திருக்கும். எல்லா இக்னிட்டரும் ஒரே மாதிரி அல்ல, அந்தப் படத்தையே நம்புங்கள்.

கடை முற்றத்தில் ஐப்பசி மழையில் கிடந்த சோக் ஈரம் குடித்திருக்கும். நான்கு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, 500 வோல்ட் மெகர் (மின்காப்பைச் சோதிக்கும் கருவி) வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். அதன் கம்பிச்சுற்றுக்கும் இரும்புக்கும் இடையே தடை 2 மெகா ஓமுக்குக் குறைந்தால் அந்தச் சோக் வேண்டாம். இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது என்பேன்.

அலுமினியக் கூட்டுக்கு எர்த் கட்டாயம். மூன்று முள் பிளக், மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இரண்டும் இருக்கட்டும். ஆனியிலும் ஆடியிலும் மலையிலிருந்து காற்றோடு வரும் சாரல் உங்கள் ஊரில் சிறு இடுக்கிலும் நுழைந்துவிடும். கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டையையும் மாற்றுங்கள்.

தினமும் இரவெல்லாம் எரிய வேண்டுமென்றால் எல்இடி பல்பு போடலாம். அப்போது சோக், இக்னிட்டர் இரண்டையும் சுற்றிலிருந்து விலக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் துடிப்பு எல்இடியைக் கொன்றுவிடும். ஆனால் சேகரிப்பவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். தெருக்களில் மறைந்துவரும் அந்தப் பொன்மஞ்சள் ஒளிக்காகத்தானே இதை வாங்கினீர்கள்?

மாலை மங்கும் நேரத்தில் முதன்முறை போட்டுப் பாருங்கள். முதலில் மங்கிய நீலவெள்ளை, பிறகு தனி மஞ்சள், நான்கைந்து நிமிடத்தில் முழுப் பொன்னிறம். இடையில் அணைத்தால் உடனே மறுபடி பற்றாது; பல்பு ஆறும்வரை சில நிமிடம் பொறுத்திருங்கள்.