பெர்கோலேட்டரில் கவனிக்க வேண்டியது கொதிப்பை அல்ல, வடிவதை

கேள்வி: துரை பங்களாவில் சமையல் வேலை பார்த்த தாத்தா வழியாக வந்த அலுமினிய பெர்கோலேட்டர் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. கடைக் காப்பித் தூளைப் போட்டுக் கால் மணி நேரம் கொதிக்கவிட்டால் கசப்பும் மண்டியுமாகவே வருகிறது. பெர்கோலேட்டர் என்றால் 'குமிழியிடுவது' என்று பொருளா?
— வாசகர், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: பெயரின் பொருளிலேயே உங்கள் கசப்புக்கு மருந்து இருக்கிறது. லத்தீனில் 'பெர்' என்றால் ஊடாக. 'கோலாரே' என்றால் வடிகட்டுதல். 'கோலும்' என்றால் சல்லடை. தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் பாலைச் சல்லடையில் ஊற்றி வடிகட்டுவார்களே, அதே வேலைதான். குமிழிக்கும் பெயருக்கும் தொடர்பே இல்லை. சொல்லப்போனால், நீர் ஒரே ஒருமுறை இறங்கும் நம் பித்தளை பில்டருக்குத்தான் இந்தப் பெயர் கச்சிதமாகப் பொருந்துகிறது.

உங்களிடம் இருப்பது, 1889இல் அமெரிக்க விவசாயி ஹான்சன் குட்ரிச் காப்புரிமை பெற்ற வகை. அடியில் சூடேறும் நீரை ஆவிக்குமிழிகள் நடுக்குழாய் வழியே மேலே தள்ளுகின்றன. அது கூடையிலுள்ள தூளின்மேல் விழுந்து, ஊறி, கீழே வடிகிறது. சிக்கல் இங்கேதான்: வடிந்த காப்பியே திரும்பவும் சூடேறி, திரும்பவும் தூளுக்குள் போகிறது. கால் மணி நேரத்தில் எத்தனை சுற்று என்று எண்ணிப் பாருங்கள்! கசக்காமல் என்ன செய்யும்?

கூடையின் அடியைத் தொடாத அளவுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். 180 மில்லிக்கு 10 கிராம் தூள் போதும். மூடியின் கண்ணாடிக் குமிழில் முதல் துளி தெறித்ததும் தீயைக் குறைத்துவிடுங்கள். சில விநாடிக்கு ஒருமுறை 'பொளக்' என்று கேட்க வேண்டும். விடாமல் சலசலத்தால் தீ அதிகம். ஆறேழு நிமிடத்தில் இறக்கி, கூடையை உடனே வெளியே எடுங்கள். அதை உள்ளேயே விட்டால் ஊறிய தூளின் கசப்பும் சொட்டிக்கொண்டே இருக்கும்.

மண்டிக்குக் காரணம் தூள். நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் சீனியும் மார்ஜரினும் சேர்த்துக் கருக வறுத்த தூள். அது நைசாக இருந்தால் கூடையின் துளைகளில் புகுந்து இறங்கிவிடும். பெர்கோலேட்டருக்குச் சீனி சேர்க்காமல் வறுத்த கொட்டையை ரவையைவிடப் பருமனாக அரைத்து வாங்குங்கள். கையிலிருக்கும் தூளைக் கொட்டிவிடாதீர்கள். காப்பிக்கடைக்காரர் தொங்கவிட்டிருக்கும் நீளத் துணிப்பையில் ஊற்றினால், அதே தூளில் அருமையான கோப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி) கிடைக்கும்.